ஊர் கேளாத திரைக்கதை

மேடையிலே நன்கு ஓடிய நாடகமொன்றைத் திரைப்படமாக்கப் போகிறோம் என்ற அறிவித்தல் வெளிவந்ததும் எமது கலையுலகில் ஒரு விசித்திரமான மௌனம் தொடங்கிவிடுகிறது. அதுவரை அந்நாடகம் ஊரறிந்த பொருளாக இருந்தது. அதன் வசனங்கள் மாணவரின் வாயிலே புழங்கின. அதன் முடிவு சரியா பிழையா என்று ஆசிரியர்கள் ஓய்வறையிலே வாதிட்டனர். அது திரைக்கதையாக மாறும் வேலை மட்டும் பூட்டிய அறைக்குள் நடக்கிறது. பணம் போடுபவர், நெறியாளர், வசனகர்த்தா, இம்மூவருக்கும் வேண்டிய நண்பர் ஒருவர், தேநீர் கொண்டுவரும் பையன் என ஐவர் அந்த அறையில் இருக்கின்றனர். நாடகம் எவருடைய வாழ்வைப் பேசிற்றோ அந்த வாழ்வை வாழ்ந்தவன் பெரும்பாலும் ஐந்தாமவனே. அவனிடம் எவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

இந்தக் கதவு திறக்கப்படல் வேண்டும் என்பதே எமது வாதம். நாடகம் திரைக்கதையாக மாறும்போது, கமரா ஒருமுறைகூடச் சுழலுமுன்னர், அத்திரைக்கதை மக்கள் முன்னிலையில் உரத்து வாசிக்கப்படல் வேண்டும், ஒருமுறையன்று, பலமுறை, நகர மண்டபத்தில் மாத்திரமன்றி, நாடகத்தின் பாத்திரங்கள் உயிரோடு உலாவும் கிராமங்களிலும் தோட்டங்களிலும். அந்த வாசிப்பு எழுதி முடித்ததற்கு எடுக்கும் விழாவாக இருத்தலாகாது. எழுத்து வேலையின் ஒரு பகுதியாகவே அது அமைய வேண்டும்.

இதைச் சொன்னவுடன் எம்மை மறிப்பவர்கள் பலர். முதலிலே வருபவர் அனுபவஸ்தர். "நாடகத்தை ஆயிரம் பேர் பார்த்துக் கைதட்டியாயிற்றே, இனி எவர் கேட்க வேண்டியிருக்கிறது?" என்பது அவர் கேள்வி. அந்தக் கைதட்டலை எம் நாட்டுத் திரைப்படத்தின் பிறப்பிலேயே நாம் கேட்டுவிட்டோம். 1947ஆம் ஆண்டு தை மாதத்தில் வெளியான ‘கடவுனு பொரொந்துவ’ முதலாவது சிங்களப் பேசும்படம். அது நீர்கொழும்பு மினேர்வா நாடகக் குழுவினரின் மேடை நாடகம், எழுதியவர் பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்ன. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம்பிடிக்கப்பட்ட இடம் மதுரையிலே, சித்ரகலா மூவிடோன் ஸ்டூடியோ. ருக்மணிதேவியும் எடி ஜயமான்னவும் மற்றைய மேடை நடிகர்களும் கடல் கடந்து சென்று, மேடையிலே பேசியதையே கமராவின் முன் பேசினர். மேடைப் புகழைப் பெட்டியிலடைத்துக் கொண்டுபோய்ச் சுருளாக மாற்றிக் கொண்டுவந்தனர் என்று சொன்னாற் பிழையில்லை.

அந்தக் கலைஞர்களைக் குறைசொல்வது எம் நோக்கமன்று. வேறு வழியற்ற காலத்தில் அவர்கள் வழி கண்டவர்கள். ருக்மணிதேவியின் குரலை இந்நாட்டின் எந்த மொழிக்காரர் மறப்பர்? ஆனால் அடுத்த பத்தாண்டுகளுக்குச் சிங்களத் திரைப்படம் தென்னிந்திய ஸ்டூடியோக்களின் தட்டி வீடுகளுக்குள்ளேயே அகப்பட்டுக் கிடந்தது. கிராமம் என்றால் சாயம் பூசிய திரை. கிராமவாசி என்றால் மேடைக் கோமாளி. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வை எடுத்துக்கொண்டு உண்மையான கிராமத்துக்கு வெளியே வரும்வரை இந்த நிலை பெரிதும் மாறவில்லை. மேடையிலே வாங்கிய கைதட்டல் மேடைக்கே உரியது. அதைத் திரைக்கதைக்கு நற்சான்றிதழாகக் காட்டுவது, மூத்த பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு இளையவனைப் பள்ளிக்கூடத்திற் சேர்ப்பது போன்றது.

மக்களுடைய காதின் மதிப்பை முதலாளி அறியாதவனா என்றால், நன்றாகவே அறிந்தவன். ஹொலிவூட்டில் மார்க்ஸ் சகோதரர் என்ற நகைச்சுவை நடிகர்கள் இருந்தனர். (காரல் மார்க்ஸுக்கும் இவர்களுக்கும் உறவெதுவுமில்லை, எமது அன்பர்கள் அவசரப்பட வேண்டாம்.) 1929இலும் 1930இலும் வந்த அவர்களின் முதலிரண்டு படங்களும் மேடையில் ஆடியவற்றையே படமாக்கியவை. பின்பு 1935இல் ‘ஒப்பராவில் ஓரிரவு’ என்ற படத்தை எடுக்க முனைந்தபோது, எம்.ஜீ.எம். கம்பெனியின் தயாரிப்பாளர் இர்விங் தால்பேர்க் ஒரு காரியம் செய்தார். படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையின் முக்கிய காட்சிகளை நடிகர்களிடம் கொடுத்து, ஊர் ஊராக மேடையேற்றச் செய்தார். எழுத்தாளர்களும் கூடவே சென்றனர். எந்த வசனத்துக்குச் சபை சிரித்தது, எவ்வளவு நேரம் சிரித்தது என்பன குறிக்கப்பட்டன. சிரிக்காதது வெட்டுண்டது. சிரித்ததற்கு, அச்சிரிப்பு அடங்கும் நேரமளவுக்குப் படத்திலே இடைவெளி விடப்பட்டது. படம் பெருவெற்றி பெற்றது.

ஆகவே, "பொதுமக்கள் முன்னிலையில் திரைக்கதையைப் பரீட்சிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது" என்று எவரும் எமக்குக் கூற வேண்டாம். எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மூலதனம் அதைச் செய்து இலாபமும் கண்டுவிட்டது. ஆயின் அது கேட்டது எதை? சிரிப்பின் நீளத்தை மட்டும். சிரித்தவன் யார், அவனுக்கு என்ன தெரியும், அந்தக் கதையிலே அவன் கண்ட பொய் யாது என்று கம்பெனி கேட்கவில்லை. கேட்கும் தேவையும் அதற்கு இருக்கவில்லை. சபையை அளப்பது வேறு, சபையோடு பேசுவது வேறு. துணிக்கடைக்காரன் எம் உடம்பை அளக்கிறான் என்பதற்காக எம் உடம்பிலே அக்கறை கொண்ட வைத்தியனாகிவிடுவதில்லை.

பேசாமல் விட்டால் நேர்வதென்ன என்பதற்கு ஜேர்மனியின் உதாரணம் ஒன்றுண்டு. பேர்டோல்ட் பிறெக்ட் எழுதி, குர்ட் வைல் இசையமைத்த ‘மூன்று காசு ஒப்பரா’ 1928இல் பேர்லின் மேடையிலே பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. திருடர் உலகத்தைக் காட்டி வர்த்தக உலகத்தைப் பரிகசித்த நாடகம் அது. நேரோ என்ற படக்கம்பெனி உரிமையை வாங்கிற்று. திரைக்கதையிலே ஆசிரியருக்கும் சொல்லுரிமை உண்டென ஒப்பந்தம் இருந்தது. பிறெக்ட் எழுதிக் கொடுத்த புதிய கதையமைப்போ மேடை நாடகத்தை விடக் காரமானது. கம்பெனி மிரண்டது. வேறு எழுத்தாளர்களைக் கொண்டு வேலையை முடித்தது. 1930இல் பிறெக்ட் வழக்குத் தொடுத்தார், தோற்றார். 1931இல் பாப்ஸ்டின் நெறியாள்கையிலே படம் வெளிவந்தது. அவ்வழக்கையே பொருளாக வைத்துப் பிறெக்ட் ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். கலைஞனின் ‘புனிதமான’ தனியுரிமை, முதலாளித்துவ உற்பத்தியின் முன்னே எவ்வளவு மெலிந்த கடதாசி என்பதை வழக்கு மன்றமே மெய்ப்பித்துவிட்டது என்பது அதன் சாரம்.

இந்த வழக்கிலிருந்து எமது எழுத்தாளர்கள் வழக்கமாகக் கற்பது, ஒப்பந்தத்தைக் கவனமாக எழுத வேண்டும் என்பதே. அது சட்டத்தரணிகளுக்கு நல்ல பாடம். நாம் கற்பது வேறு. பிறெக்ட் மன்றத்தில் நின்றபோது அவர் கையிலே ஒப்பந்தம் இருந்தது. பக்கத்திலே ஊர் இருக்கவில்லை. அவருடைய புதிய கதையமைப்பைக் கேட்டறிந்த தொழிலாளர் ஓராயிரம் பேர் பேர்லினிலே இருந்திருப்பின் நீதிபதி தீர்ப்பை மாற்றியிருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் எது மறைக்கப்பட்டது என்பதை அறிந்த சாட்சிகள் அந்நகரிலே இருந்திருப்பர். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அவர்கள் பேசும் பேச்சு வேறாக இருந்திருக்கும். மக்கள் கேட்டறிந்த திரைக்கதையைக் களவாகத் திருத்துவது கடினம். எவரும் கேளாத திரைக்கதையை எதுவாகவும் மாற்றலாம்.

இதற்கு மறுதலையான உதாரணத்தை வங்காளத்திலே காண்கிறோம். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே இலட்சக்கணக்கான மக்கள் செத்து வீழ்ந்தனர். அப்பஞ்சத்தைப் பற்றி பிஜன் பட்டாச்சாரியா எழுதிய ‘நபான்ன’ நாடகத்தை இந்திய மக்கள் நாடக மன்றத்தினர் 1944இலே கல்கத்தாவில் மேடையேற்றினர். பார்த்தவர்களுக்கு அது செவிவழிச் செய்தியன்று. மண்டபத்தின் வாசலைத் தாண்டினால் கண்முன்னே கிடந்த செய்தி. 1946இல் கே. ஏ. அப்பாஸ் அந்நாடகத்தையும் பட்டாச்சாரியாவின் மற்றொரு நாடகத்தையும் கிருஷன் சந்தரின் ‘அன்னதாதா’ கதையையும் இணைத்து ‘தர்த்தி கே லால்’ படத்தை ஆக்கினார். அதே மன்றமே தயாரித்தது, மேடையிலே நின்ற சம்பு மித்ரா போன்றோரே திரையிலும் தோன்றினர், இசை ரவிசங்கர். நட்சத்திரம் என்று சொல்லத்தக்க ஒருவரும் அதில் இல்லை.

நாடகத்தை மக்கள் முன் ஆடி, அவர்களோடு பேசிப் பழகிய கூட்டத்தினரே அதைத் திரைக்கு மாற்றியமையால் படத்திலே பஞ்சத்தின் உண்மை நிலைத்தது என்பது எமது கணிப்பு. குறையும் உண்டு. வங்காளக் கிராமத்தவன் ஹிந்துஸ்தானி பேசினான். பம்பாயிலே இருந்தவர்கள் வங்காளத்துச் சேற்றை நினைவிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. சில இடங்களிலே மேடையின் ஓலம் அப்படியே கேட்கிறது. அந்தக் குறைகளையும் ஒரு கிராமத்து வாசிப்பு களைந்திருக்கும் என்று எண்ண எமக்கு நியாயமுண்டு.

இனி எம் வீட்டுக்கு வருவோம். உரத்து வாசித்தல், தடை எழுப்புதல், விடை கூறுதல் என்பன எமக்கு மேல்நாட்டார் கற்பித்தவையல்ல. அரங்கேற்றம் என்ற சொல்லுக்கு எம் முன்னோர் கொண்ட பொருள் அதுவே. கச்சியப்பர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது, காப்புச் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கே இலக்கண விதி எங்கேயென்று சபையிலே ஒருவர் எழுந்து மறித்தாரென்றும், வீரசோழியத்தைக் கொண்டு விடை காணும்வரை நூல் நகரவில்லையென்றும் ஐதீகம் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதிலே ஒரு நெறி இருக்கிறது: சபையிலிருந்து எழுந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஆசிரியன் இரண்டாம் அடிக்குப் போக முடியாது. அதே கந்தபுராணத்தை யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லும் புராணபடனம் இன்றும் நடைபெறுகிறது. மட்டக்களப்பிலே கூத்துப் பழகுங் காலத்தில் அண்ணாவியார் சட்டங் கொடுப்பது முதல் அரங்கேற்றம் வரை ஊரார் களரியைச் சுற்றியே இருப்பர். ஆட்டத்திலே பிழை கண்டால் வாய் மூடியிருக்க மாட்டார்கள். பூட்டிய அறையிலே கூத்துப் பழகினர் என்று எந்தப் படுவான்கரைக் கிழவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இந்தப் பழம்பெருமையை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். இதற்குமேல் போனால் பண்டிதர்கள் எம்மைத் தம் கட்சியிற் சேர்த்துவிடுவர். ஏனெனில் அந்த அரங்கேற்றச் சபையிலே இருந்தவர் யார் என்ற கேள்வி உண்டு. புலவரும் செல்வரும் இருந்தனர். கந்தபுராணம் கோயிலுக்குள்ளே வாசிக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தின் உழைப்பாளரிலே பெரும்பகுதியினர் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலிலே அவர்கள் உள்ளே வரும் உரிமையைக் கேட்டு நின்றபோதுதான், புராணத்தின் பயனை உள்ளிருந்தோர் எவ்வளவு தூரம் விளங்கியிருந்தனர் என்பது நாடறியத் தெரிந்தது. அப்போராட்டச் சூழலிலே பிறந்தது என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகம். அம்பலத்தாடிகள் குழுவினர் அதைக் காத்தவராயன் கூத்தின் பாங்கிலே மாற்றியமைத்து ஆடினர். எழுத்து ஒருவருடையது; ஆயின் ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு அது கடந்தது பலர் கூடிய களத்திலே. ஊர் அறிந்த மெட்டுக்கு அது வந்தபோதே ஊருடைய நாடகமாயிற்று.

இத்தகைய நாடகமொன்று நாளை திரைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அதன் திரைக்கதையை முதலிற் கேட்க உரித்துடையவர் யார்? கொழும்பிலே குளிரூட்டிய அறையிலிருக்கும் விநியோகஸ்தரா? அன்று வாசலிலே நின்றவர்களும் அவர்களின் பிள்ளைகளுமா? விடை கண்கூடு. ஆயினும் முதலாமவரே கேட்பார். கேட்டுவிட்டு, "சாதிப் பிரச்சினை இப்போது எங்கே இருக்கிறது? காதலைக் கொஞ்சம் கூட்டுங்கள்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தால் மெலிந்துபோன கதைகள் எத்தனை என்பதை எமது வாசகர் எண்ணிப் பார்க்கட்டும்.

வாசிப்பு எதைச் சாதிக்கும் என்பதற்கு நாம் நேரிலே கண்ட ஒன்றைச் சொல்லலாம். வடபகுதிக் கிராமமொன்றின் வாசிகசாலையிலே, நகர மண்டபத்தில் நன்மதிப்புப் பெற்ற ஒரு நாடகத்தின் திரைக்கதை வாசிக்கப்பட்டது. இரண்டாங் காட்சியிலே காணிக்காரர் ஒருவர் கூலியாளின் வீட்டுக்கு வருகிறார். கூலியாளின் மனைவி தேநீர் கொடுக்கிறாள். அவர் அதைக் குடித்துவிட்டு, சாதியெல்லாம் ஒழிந்துபோன காலம் பற்றி முப்பது வரியிலே பேசுகிறார். அவருடைய போலித்தனத்தைக் காட்டவே ஆசிரியர் அப்பேச்சை எழுதியிருந்தார். நகரத்திலே அதற்குச் சிரிப்பும் கைதட்டலும் கிடைத்தன. வாசிகசாலையிலே ஒருவரும் சிரிக்கவில்லை. படியிலே குந்தியிருந்த முதிய பெண்ணொருத்தி சொன்னாள்: "தம்பி, அவர் அந்த வீட்டிலை வாய் நனைக்கமாட்டார்."

அதன்பின் பேச்சு அடங்கவில்லை. தேநீர்க்கடையிலே தமக்குச் சிரட்டையில் ஊற்றிய காலத்தை ஒருவர் சொன்னார். இன்று எவரும் சிரட்டை நீட்டுவதில்லை, குவளையை வாங்கி வைத்துவிட்டுக் குடியாமற் போவதுதான் புதிய நாகரிகம் என்றார் ஓர் இளைஞர். திருத்திய பிரதியிலே முப்பது வரிப் பேச்சு ஒரு வரியாகிவிட்டது. காணிக்காரர் தேநீரை வாங்கி வாங்கிலே வைக்கிறார், வேலை விவரங்களைப் பேசுகிறார், போய்விடுகிறார். வாங்கிலே தேநீர் ஆறி ஆடை படர்கிறது. அந்தப் பெண் அதை எடுத்து முற்றத்திலே ஊற்றுகிறாள். மேடையின் கடைசி வரிசையிலிருப்பவன் ஆறிய தேநீரைக் காண முடியாது. ஆகவே அங்கே பேச்சு வேண்டியிருந்தது. கமராவோ அதைத் தவிர வேறெதையும் காட்டத் தேவையில்லை. இந்த மாற்றத்தைச் செய்தவள் திரைக்கலை பயின்றவளல்லள்.

"திரைப்படம் காட்சிக் கலை; வாசிப்போ காதுக்குரியது; காதைக் கொண்டு கண்ணின் கலையை எங்ஙனம் பரீட்சிப்பது?" என்று கேட்கும் திரைப்பட இரசனைக் கழகத்தாருக்கு மேற்சொன்னதே விடை. எனினும் அவர்கள் கேள்வியிலே நியாயமிருப்பதால் சற்று விரித்துச் சொல்வோம். மேடைக்கு மூன்று சுவர். எனவே வெளியிலே நடந்ததை ஒருவன் ஓடிவந்து சொல்ல வேண்டும். மேடைக்குத் திரை, எனவே காட்சி முடியுமுன் ஓர் உரத்த வசனம் விழ வேண்டும். மனத்திலுள்ளதைத் தனிமொழியாகச் சொல்ல வேண்டும். இவையெல்லாம் எழுத்திலே பார்க்கும்போது நன்றாகவே இருக்கும்; வசனகர்த்தா தம் வசனத்தைத் தாமே காதலிப்பது இயல்பு. நடிகர், ஒளி, ஒப்பனை எதுவுமின்றி உரத்து வாசிக்கும்போதுதான் எது சுமை என்பது வெளிப்படுகிறது. கேட்போர் இருமுகின்றனர், வெற்றிலைக்கு எழுந்து போகின்றனர். கூத்திலே கட்டியகாரன் நிற்பதுபோல ஒருவர் நின்று, காட்சிக் குறிப்புகளை மட்டும் நிதானமாக வாசிக்க வேண்டும். "அவள் தேநீரை முற்றத்தில் ஊற்றுகிறாள்" என்று அவர் வாசிக்கும்போது சபையிலே ஏற்படும் அமைதி, காட்சி கண்ணுக்கு எட்டிவிட்டது என்பதற்கு அடையாளம். காதிலே விழுந்ததைக் கண்ணிலே காணும் வல்லமையை எமது மக்கள் புராணபடனத்திலும் வானொலியிலும் பழகியவர்கள். எஸ். ராமதாஸின் வானொலித் தொடர் நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமானபோது சனங்கள் திரையரங்கை நிறைத்தமைக்கு, அப்பாத்திரங்களின் குரலை அவர்கள் முன்பே கேட்டறிந்திருந்ததும் ஒரு காரணம். அப்படத்தின் கலைத்தரம் பற்றி எமக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அது இங்கே வேண்டாம்.

மொழி பற்றிய ஒரு சொல். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் ‘நானாடகம்’ நூலிலே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை நாடகத்துக்குக் கொண்டுவந்தபோது முகஞ்சுளித்தவர்கள் இருந்தனர். மேடை அந்தச் சண்டையிலே வென்று பல்லாண்டுகளாயின. திரையோ இன்னும் தடுமாறுகிறது: மட்டக்களப்பான் யாழ்ப்பாணத்தானாகவும், மலையகத் தொழிலாளி மதுரைக்காரனாகவும் பேசுகின்றனர். இதைத் திருத்த மொழியியல் அறிஞர் வேண்டாம். மலையகத்துக் காட்சியை ஒரு லயத்தின் முன்னே ஒருமுறை வாசித்தாற் போதும். பிழையான சொல்லுக்குப் பிள்ளைகளே சிரிப்பர்.

எமது சொந்த முகாமிலிருந்தும் ஓர் எதிர்ப்பு வருகிறது. அதையே நாம் கனமாக மதிக்கிறோம். "கூட்டத்துக்குக் கூட்டம் திருத்தினால் கலை கமிட்டித் தீர்மானமாகிவிடும். துணிவான எழுத்தைச் சபை மழுக்கிவிடும். ஊரிலே முற்போக்காளர் மட்டுமா இருக்கின்றனர்?" உண்மை. ஊரிலே பிற்போக்கு உண்டு. பெண்ணொருத்தி வீட்டை விட்டு வெளியேறும் முடிவை வாசித்தால், அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் பெரியவர்கள் முன்வரிசையிலேயே இருப்பர். அவர்கள் சொன்னபடி எழுத வேண்டுமென்று நாம் கூறவில்லை. வாசிப்பிலே வாக்கெடுப்பில்லை. பதில் சொல்லும் கடமையே உண்டு. அப்பெரியவருக்கு ஆசிரியர் தரும் பதில் திரைக்கதைக்குள்ளே இருக்கிறதா, வெளியிலே நின்று வாயினாற் சொல்ல வேண்டியிருக்கிறதா என்பதே பரீட்சை. வெளியிலே சொல்ல வேண்டியிருந்தால் காட்சி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். பின்வரிசையிலே வாய் திறவாமல் இருந்த பெண்கள் கூட்டங் கலைந்தபின் படலையடியிலே சொல்லும் சொல்லையும் கேட்டாக வேண்டும். முன்வரிசையின் பேச்சைச் சபையின் பேச்சென்று எடுத்துக்கொள்பவனுக்கு வாசிப்பு நடத்தத் தகுதியில்லை.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை. எமது நாட்டிலே எந்த நல்ல காரியமும் மூன்று மாதத்தில் விழாவாகிவிடும். வாசிப்பு என்று அழைப்பிதழ் வரும். போனால் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, மதிப்புரை, பொன்னாடை. ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது ஏழரைக்குத் தொடங்கும். ஒன்பது மணிக்கு, "நேரமின்மை காரணமாக" இரண்டு காட்சிகள் மட்டும் வாசிக்கப்படும். ஏற்புரையோடு கடைசிப் பேருந்தும் போய்விடும். மக்கள் முன்னிலையில் ஒருவர் மேல் ஒருவர் பூச்சொரிந்துகொள்வதற்கு நாம் சபை கூட்டச் சொல்லவில்லை. தலைவரே வேண்டாம். வாசிப்போர் நால்வர், குறிப்பெடுப்போர் இருவர், ஒரு மேசை, குடிக்கத் தண்ணீர், அவ்வளவே.

இறுதியாக வருவது, "கதை களவு போய்விடும்" என்ற பயம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிறருடைய படங்களிலிருந்து எடுத்துப் பழகியவர்கள் என்பதால் அவர்களின் அச்சம் அனுபவபூர்வமானது. முந்நூறு பேர் முன்னிலையிலே, திகதியிட்டு, இன்னாருடைய நாடகம் என்று அறிவித்து வாசிக்கப்பட்ட திரைக்கதையைத் திருடுவது, ஊர்ப் பிள்ளையார் சிலையைத் திருடி அதே ஊரிலே விற்க முயல்வதற்கு ஒப்பாகும். களவு போவது இலாச்சியிலே கிடக்கும் பிரதிதான்.

பணமில்லை என்ற சாட்டும் இன்று முன்போலச் செல்லாது. 1947இலே கமராவைத் தேடி மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அது பல்கலைக்கழக மாணவனின் சட்டைப்பையிலே கிடக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இளைஞர்கள் குறும்படங்கள் எடுத்த வண்ணமிருக்கின்றனர். அவற்றிலே பல, பாவம், சென்னைப் படங்களின் நிழலிலேயே வளர்கின்றன. அவ்விளைஞர்கள் புதிய கதைக்கு அலைய வேண்டியதில்லை. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகங்கள் அச்சிலே இருக்கின்றன. 1985இல் யாழ்ப்பாணத்துக் கிராமங்களெங்கும் ஆடப்பட்ட அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்றும் எம் நடுவிலே இருக்கின்றனர். உரிமையாளரிடம் அனுமதி பெற்று அத்தகைய நாடகமொன்றைத் திரைக்கதையாக்கி, முன்பு அது ஆடப்பட்ட ஊர்களுக்கே கொண்டுபோய் வாசித்தால், அன்று பார்த்தவர்கள் எதை மறக்கவில்லை என்பது தெரியவரும். மறவாத காட்சி எதுவோ அதிலிருந்து படத்தைத் தொடங்கலாம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலே ஒரு வாசிகசாலை இருக்கிறது. பெயரிலே வாசிப்பு இருந்தும், பத்திரிகையைத் தவிர வேறெதுவும் அங்கே வாசிக்கப்படுவதில்லை, அதுவும் வாய்க்குள்ளே. விடுமுறையிலே உயர்தர வகுப்பு மாணவர் நால்வரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மாலை மேடை நாடகத்தை முழுமையாக வாசியுங்கள். ஒரு கிழமை கழித்துத் திரைக்கதையை வாசியுங்கள். பிரதியை எழுதும்போது கொப்பியின் வலப்பக்கத்தில் மட்டும் எழுதி, இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். எந்த வரியிலே சபை பேசியது, யார் பேசினார், என்ன சொல்லிற் பேசினார் என்பதை அந்த வெறும் பக்கத்திலே அவர்களுடைய பேச்சிலேயே எழுதச் சொல்லுங்கள். இலக்கணம் திருத்த வேண்டாம். அடுத்த வாசிப்பு வேறோர் ஊரிலே, வேறொரு சாதியினர் வாழும் குறிச்சியிலே இருக்கட்டும். இரண்டு ஊரின் இடப்பக்கங்களும் ஒன்றோடொன்று முரண்படுமானால், அந்தக் கொப்பியோடு மூன்றாவது ஊருக்குப் போங்கள்.